வீக்கம் வடிந்த பிறகும் எழுந்து ஓடாத சிறுமி: சிறார் மூட்டுவாதம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

16 வயது நிறைவதற்குள் தொடங்கி, ஒரு மூட்டிலாவது ஆறு வாரத்துக்குக் குறையாமல் நீடித்து, வேறு காரணம் எதுவும் பிடிபடாத மூட்டழற்சியைச் சிறார் மூட்டுவாதம் என்கிறோம். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில், தாமிரபரணிக் கரையோரக் கிராமம் ஒன்றில் வசிக்கும் சிறுமிக்கு இந்த நோய் வந்ததிலிருந்து ஏறத்தாழ 28 மாதங்கள் நடந்தவை இங்கே பதிவாகின்றன. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டோம். மாதக் கணக்கு முழுவதும் நோய் உறுதியான நாளிலிருந்து தொடங்குகிறது.

பின்னணி

சிறுமிக்கு அப்போது ஆறரை வயது. அம்மா வீட்டிலிருந்தே பீடி சுற்றுபவர். அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் கட்டட வேலை. மாதம் ஒருமுறை வந்து போவார். ஆச்சியும் ஆறாம் வகுப்பு படிக்கும் அண்ணனும் உடன் இருக்கிறார்கள். ஊர் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. நோய் வருவதற்கு முன் தெருவில் கிளித்தட்டு ஆட்டத்தில் இவளைத் தொட முடியாது என்று அண்ணன் சொன்னான். எந்த நிலைக்கு அவளைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பதற்குப் பிற்பாடு இதைத்தான் அளவாக வைத்துக்கொண்டோம்.

முதல் எட்டு மாதங்கள்

ஆனி மாதச் சாரல் நாட்களில் தொடங்கியது. காலையில் எழுந்ததும் வலது காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பாள். பத்து மணிக்கு மேல் சரியாகிவிடும். வலிக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இது இந்த நோயின் பொதுவான குணம். சிறு பிள்ளைகள் பெரும்பாலும் வலியைச் சொல்ல மாட்டார்கள். வலிக்கிற வேலையைச் செய்வதை நிறுத்திவிடுவார்கள். "சாரக்காத்து பட்டிருக்கு" என்றாள் ஆச்சி. பள்ளியில் விழுந்திருப்பாள் என்று அம்மா நினைத்தார்.

எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுபவரிடம் கொண்டுபோனார்கள். முழங்காலைச் சற்று மடக்கிய நிலையிலேயே வைத்து எண்ணெய்க் கட்டு; மூன்று வாரம் அவிழ்க்கவில்லை. வீங்கிய மூட்டு தானாகவே மடங்கித்தான் நிற்கும், உள்ளே அழுத்தம் குறைவது அந்த நிலையில்தான். அதே நிலையில் கட்டிப்போட்டதால் பின்தொடைத் தசைநாண்கள் சுருங்கின. கட்டை எடுத்தபோது கால் முழுதாக நீளவில்லை.

பிறகு ஒரு மருத்துவமனையில் ரத்தம் பார்த்தார்கள். ஏ.எஸ்.ஓ. (ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள்) 400 யூனிட் இருந்தது. ருமாட்டிக் காய்ச்சல் (அந்தக் கிருமித் தொற்றுக்குப் பின் மூட்டையும் இதயத்தையும் தாக்கும் நோய்) என்று முடிவு கட்டி, 21 நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசியும் "மூன்று மாதம் முழு ஓய்வு" என்ற சீட்டும் கொடுத்தார்கள். ஊசி ஐந்து மாதம் ஓடியது.

இதே இடத்தில் பல பிள்ளைகளுக்கு நாள் வீணாவதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏ.எஸ்.ஓ. கூடியிருந்தால், அண்மையில், பெரும்பாலும் தொண்டையில், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி வந்து போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். பள்ளிப் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அது கூடித்தான் இருக்கும். ருமாட்டிக் காய்ச்சலில் வலி ஒரு மூட்டை விட்டு இன்னொரு மூட்டுக்குத் தாவும். ஆஸ்பிரின் வகை மருந்துக்கு ஓரிரு நாளில் அடங்கும். சில வாரங்களில் மூட்டு சுவடில்லாமல் ஆறும். ஒரே முழங்கால் மாதக்கணக்கில் வீங்கி நிற்பது அந்த நோயின் நடை அல்ல. ஆர்.ஏ. ஃபாக்டர் (பெரியவர்களின் மூட்டுவாதத்தில் ரத்தத்தில் பெரும்பாலும் காணப்படும் எதிர்ப்பொருள்) இல்லை, ஆகவே மூட்டுவாதம் இல்லை என்றும் அந்த அறிக்கையின் ஓரத்தில் குறிக்கப்பட்டிருந்தது. சிறார் மூட்டுவாதம் உள்ள பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு ஆர்.ஏ. ஃபாக்டர் இருப்பதில்லை.

நோய் தொடங்கிய ஐந்தாம் மாதத்தில் இடது கணுக்கால் வீங்கியது, ஏழாம் மாதத்தில் வலது மணிக்கட்டு. எழுத்து கோணலானதைப் பார்த்த வகுப்பு ஆசிரியைதான் பாளையங்கோட்டையில் எங்களிடம் கொண்டுபோகச் சொன்னார்.

கண்டறிந்தது

வயது 7. எடை 17 கிலோ, உயரம் 112 செ.மீ. வலது முழங்கால் வீங்கி, இளஞ்சூடாக, 25 பாகை மடங்கிய நிலையில் நின்றது; அதற்கு மேல் நீளவில்லை. முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 10 செ.மீ. மேலே தொடைச் சுற்றளவு வலதில் 26.5, இடதில் 29 செ.மீ. வலது கால் இடதைவிட 1.5 செ.மீ. நீளம். நோய் கண்ட கால் நீளமாக இருப்பது பெற்றோருக்குப் புதிராக இருந்தது. அழற்சியால் மூட்டைச் சுற்றி ரத்த ஓட்டம் கூடுகிறது. பக்கத்திலிருக்கும் வளர்ச்சித் தட்டு அதனால் தூண்டப்பட்டு அந்தக் கால் வேகமாக வளர்கிறது. நீளமான காலைத் தரைக்கு ஏற்பச் சரிக்கட்ட, பிள்ளை அந்த முழங்காலை இன்னும் மடக்கியே நடக்கும். மடக்கம் நிலைத்துப் போக இதுவும் ஒரு காரணம்.

ஈ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் ரத்த அளவு) 48, ஹீமோகுளோபின் 9.8, ஏ.என்.ஏ. (தன் உடல் அணுக்களின் கருவையே எதிர்க்கும் எதிர்ப்பொருள்) பாசிட்டிவ், ஆர்.ஏ. ஃபாக்டர் இல்லை. நம் ஊரில் ஒற்றை மூட்டு நாட்பட வீங்கினால் காசநோயை விலக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. மாண்டூ சோதனை, மார்பு எக்ஸ்ரே, மூட்டு நீரில் சி.பி.நாட், கல்ச்சர் நான்குமே தெளிவாக வந்தன. இரவில் வலியால் விழிப்பது, ரத்த அணுக்கள் குறைவது போன்ற ரத்தப் புற்றின் சாயல் எதுவும் இல்லை. முதல் ஆறு மாதத்தில் நான்கு மூட்டுக்கு மேல் போகாததால் சில மூட்டு வகை என்று வகைப்படுத்தப்பட்டது.

காலை விறைப்பு எவ்வளவு நேரம் என்று கேட்டோம். அம்மாவுக்கு நிமிடக் கணக்கு வரவில்லை. "நான் சுளகோட உக்காந்து மூணு கட்டு சுத்தி முடிப்பேன், அப்பதான் அவ நிமிந்து குழாயடிக்குப் போவா" என்றார். கட்டுக்கு 25 பீடி. அவர் கைவேகத்தில் கட்டுக்கு ஏறத்தாழ 16 நிமிடம். அப்படியானால் ஏறத்தாழ 50 நிமிட விறைப்பு. அன்றிலிருந்து குறிப்பேட்டிலும் கட்டுக் கணக்கையே எழுதச் சொன்னோம். தினமும் காலையில் அதே இடத்தில், அதே வேலையில் இருக்கும் ஒருவரின் கை, கடிகாரத்துக்குக் குறைந்த அளவுகோல் அல்ல.

ஆறு நிமிட நடைச் சோதனையில் 290 மீட்டர். அன்றாடச் செயல்திறன் வினாத்தாளில் 1.625 (0 என்றால் சிரமமே இல்லை, 3 என்றால் செய்யவே முடியாது). சம்மணம் போடுவது, குத்த வைத்து உட்காருவது, தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுவது மூன்றையும் தனியாகக் கேட்டுக் குறித்தோம், மூன்றுமே முடியவில்லை. நூற்றுக்கு எத்தனை என்று கணக்கிடும் வாழ்க்கைத் தர வினாத்தாளை அம்மாவும் பிள்ளையும் தனித்தனியே நிரப்பினார்கள். அம்மா கணக்கில் 41, பிள்ளை கணக்கில் 55.

மருந்தும் ஊசியும் மாவுக்கட்டும்

முழங்காலிலும் கணுக்காலிலும் மயக்கம் கொடுத்து ஒரே அமர்வில் டிரையாம்சினோலோன் (ஸ்டீராய்டு) ஊசி போடப்பட்டது. ஒரு நாள் கால் ஊன்றாமல் இருந்தாள். கணுக்காலில் ஊசி போட்ட இடத்தில் பின்னர் பத்துப் பைசா அளவுக்குத் தோல் வெளுத்துக் குழிந்தது. மருந்து தோலடிக்குக் கசிந்தால் இப்படி ஆகும், மெதுவாகத் தேறும். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் வீட்டில் பதறவில்லை.

மூட்டழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை 10 மி.கி. (உடற்பரப்பு 0.73 சதுர மீட்டர்). சனிக்கிழமை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு என்று நாளைக் குறித்தோம். குமட்டினாலும் மறுநாள் பள்ளி இல்லை. ஃபோலிக் அமிலம் 5 மி.கி. திங்கட்கிழமை. வாரத்துக்கு ஒருமுறை போடும் மாத்திரையைத் தினமும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஒரு மாதத்துக்கான நான்கு வேளையை மட்டும் நான்கு சிறு கவரில் போட்டு, ஒவ்வொன்றிலும் தேதி எழுதிக் கொடுத்தோம். நான்காம் மாதத்தில் மஞ்சள் மாத்திரையைப் பார்த்தாலே வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். அதே அளவைத் தோலடி ஊசியாக மாற்றியபின் நின்றது. முதல் மாதமும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் ரத்த அணுக்கள், கல்லீரல் நொதி, கிரியாட்டினின் பார்க்கப்பட்டன.

வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் நேப்ராக்ஸன் 125 மி.கி. இருவேளை. இரண்டு வாரத்தில் வயிற்று வலி வந்தது. விசாரித்தால் காலையில் கருப்பட்டிக் காப்பி மட்டும் குடித்துவிட்டு மாத்திரை போட்டிருக்கிறாள். சாப்பாடு பள்ளியில் தரும் காலை உணவுதான். மாத்திரையை ஆசிரியையிடம் கொடுத்துவைத்து, பள்ளியில் சாப்பிட்டபின் போடும்படி மாற்றியதும் வலி போயிற்று. இரவு வேளை மாத்திரை சோற்றுக்குப் பின். காலை விறைப்பைக் குறைப்பது அந்த வேளைதான்.

முழங்கால் மடக்கத்துக்கு, தொடை நடுவிலிருந்து கணுக்காலுக்குச் சற்று மேல் வரை காலின் பின்புறம் மட்டும் மாவுக்கட்டுப் பட்டை வார்த்து இரவில் கட்டிக்கொள்ளச் செய்தோம். பத்து நாளுக்கு ஒருமுறை, கால் எவ்வளவு தானாக நீள்கிறதோ அந்த நிலையில் புதுப் பட்டை. எந்தக் கட்டத்திலும் அழுத்தி நீட்டவில்லை. சுருங்கிய முழங்காலை வலுக்கட்டாயமாக நீட்டினால் கீழ்க்கால் எலும்பு பின்னால் நழுவும். அதைச் சரிசெய்வது மடக்கத்தைச் சரிசெய்வதைவிடக் கடினம். நான்கு பட்டைகளில் 25 பாகை 8 ஆனது.

இடது காலுக்குச் செருப்பில் 1 செ.மீ. அட்டை ஏற்றினோம். பள்ளி ஷூவுக்கு மட்டும் ஏற்றியது எங்கள் தவறு. வீட்டிலும் தெருவிலும் அவள் வெறுங்காலோடு இருந்தாள். நாளில் பாதி நேரம் அந்த ஏற்றம் வேலை செய்யவில்லை. பிறகு வீட்டுக்கு என்று ஒரு எம்.சி.ஆர். (மென்மையான ரப்பர்) செருப்பிலும் ஏற்றிக் கொடுத்தோம்.

ஆறாம் மாதம்

ஈ.எஸ்.ஆர். 14. மூன்று மூட்டிலும் வீக்கம் இல்லை, சூடு இல்லை. காலை விறைப்பு அரைக் கட்டுக்கும் குறைவு. முழங்கால் மடக்கம் 5 பாகை. எங்கள் குறிப்பேட்டில் அன்று "நல்ல முன்னேற்றம்" என்றுதான் எழுதியிருக்கிறது.

மற்ற அளவுகள் அப்படிச் சொல்லவில்லை. தொடைச் சுற்றளவு 27-க்கு 29.5, வித்தியாசம் அப்படியே நின்றது. ஆறு நிமிட நடை 315 மீட்டர். வாழ்க்கைத் தர வினாத்தாளில் அம்மாவின் எண் 41-லிருந்து 72-க்கு ஏறியிருந்தது. பிள்ளையின் எண் 55-லிருந்து 58. இந்த இடைவெளிதான் எங்களை நிறுத்தியது. வீக்கம் வடிந்ததை அம்மா கண்ணால் பார்த்தார், அவருக்குப் பாரம் இறங்கியது. பிள்ளையின் நாள் மாறவே இல்லை.

ஏழு நாள் நடமாட்டக் குறிப்பு எடுக்கச் சொன்னோம். அண்ணன் கால்மணிக் கட்டங்கள் போட்டு நிரப்பிக் கொண்டுவந்தான். பள்ளிக்குப் போய்வரும் நடையைக் கழித்தால், ஒரு நாளில் காலை அசைத்து விளையாடியது சராசரி 12 நிமிடம். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு நடமாட்டம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்.

இயன்முறைச் சிகிச்சையாளர் ஒரு நாள் பள்ளியில் இருந்து பார்த்தார். பிரார்த்தனைக் கூட்டத்தின்போது அவள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். விளையாட்டுப் பீரியடில் வேப்பமரத்தடியில் மற்றவர்களின் பைக்கும் செருப்புக்கும் காவல். மதியம் தட்டைக்கூடத் தோழிகள் கழுவிக் கொடுத்தார்கள். காலை எட்டரை முதல் மாலை நாலு வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. கழிப்பறையில் குத்த வைக்க முடியாது, பாதியில் எழவும் முடியாது. அதனால் போகவே வேண்டியதில்லாதபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது பிறகு புரிந்தது. அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்திருந்தது. அதைக் காய்ச்சல் மருந்தோடு யாரோ பார்த்து அனுப்பியிருந்தார்கள், எங்களுக்குத் தெரியவில்லை.

வீட்டில் அவள் வாசல் தாண்டினால் ஆச்சியின் குரல் வரும்: "ஏட்டி ஓடாத, முட்டுல நீர் கோத்துக்கிடும்!" யார் சொன்னது என்று ஆச்சியிடம் கேட்டோம். மஞ்சள் பையைத் திறந்து, எக்ஸ்ரேக்களுக்கு அடியிலிருந்து பழைய சீட்டை எடுத்துக் காட்டினார். "மூன்று மாதம் முழு ஓய்வு." எழுதி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாங்கள் ஆறு மாதமாக மருந்து மாற்றினோம், ஊசி போட்டோம், பட்டை வார்த்தோம். அந்தச் சீட்டு இனி செல்லாது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் புதுச் சீட்டு. "ஓய்வு தேவையில்லை. நடக்கலாம், ஓடலாம், ஆடலாம். வீங்கியிருக்கும் மூட்டை மட்டும் அன்றைக்கு விட்டுவிடவும்" என்று கையெழுத்தும் முத்திரையும் போட்டு வீட்டுக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று. பழைய சீட்டை ஆச்சி கையாலேயே எங்களிடம் கொடுக்கச் செய்தோம். அசையாத தசை மூட்டைத் தாங்காது. தாங்காத மூட்டு சிறு வேலைக்கும் வலிக்கும். வலிப்பதால் பிள்ளை இன்னும் அசையாது. இந்தச் சுற்றை உடைக்காமல் மருந்தைக் கூட்டுவதில் பயன் இல்லை என்பதே இந்த முடிவின் அடிப்படை.

பயிற்சிக்கு முதலில் ஒன்பது பயிற்சிகள் கொண்ட படத்தாள் கொடுத்தோம். மூன்று வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. பீடி இலைக்கும் அடுப்புக்கும் நடுவே ஒன்பது பயிற்சி சொல்லிக்கொடுக்க ஓர் அம்மாவுக்கு நேரம் ஏது? மூன்றாகக் குறைத்து, ஏற்கெனவே நடக்கும் வேலைகளோடு பிணைத்தோம்.

விழித்ததும், பாயை விட்டு எழாமல், வெந்நீரில் பிழிந்த துண்டை முழங்காலில் பத்து நிமிடம் சுற்றி, பிறகு பத்து முறை மடக்கி நீட்டுவது. பள்ளி விட்டு வந்ததும் திண்ணையில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. பத்துப் பத்தாக இரண்டு தடவை. திண்ணை 45 செ.மீ. உயரம், மூன்றாம் வாரம் 35 செ.மீ. ஸ்டூல், ஆறாம் வாரம் 20 செ.மீ. படி. குத்த வைத்து எழுவதற்கான பாதை இதுதான், உயரம் குறையக் குறையத் தொடை வேலை கூடும். இரவில் டி.வி. பார்க்கும்போது பாயில் குப்புறப் படுத்து, பாதத்தை ஒரு தலையணைக்கு அப்பால் தொங்கவிட்டு 20 நிமிடம்; அதன் பிறகு பட்டை. மணிக்கட்டுக்குத் தனிப் பயிற்சி வைக்கவில்லை. தட்டாங்கல் ஆடச் சொன்னோம். கல்லை வீசிப் புறங்கையில் ஏந்த மணிக்கட்டு மேலும் கீழும் முழுதாக வளைய வேண்டும். ஐந்து கல் ஆடும் பிள்ளை எண்ணாமலே நூறு முறை வளைக்கும்.

விளையாட்டைப் படிப்படியாக ஏற்றினோம். முதல் இரு வாரம் பத்து நிமிட நடை இருவேளை. வாரம் இருமுறை ஆற்றில். நெஞ்சளவு நீரில் நின்றால் காலில் இறங்கும் எடை மூன்றில் ஒரு பங்குதான், இடுப்பளவில் பாதி. அந்த ஆழத்தில் 15 நிமிடம் முன்னும் பின்னும் நடப்பது. வெயில் ஏறி நீர் சூடான பிறகு, மதியம் மட்டும். அதிகாலைக் குளிர்ந்த நீர் விறைப்பைக் கூட்டும். பாசி பிடித்த படித்துறையில் இறங்காமல் மணல் சரிவில் இறங்குவது. கைக்கெட்டும் தூரத்தில் நீரில் ஒரு பெரியவர். அணையில் தண்ணீர் திறந்த நாளில் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு பெருகும், அந்த இரண்டு மாதம் ஆறே வேண்டாம்.

மூன்றாம் வாரம் சைக்கிள், பத்து நிமிடம். இருக்கையை உயர்த்தி, பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் ஏறக்குறைய நேராக இருக்கும்படி. தாழ்ந்த இருக்கையில் முழங்கால் அதிகம் மடங்கி, சில்லுக்குப் பின்னால் வலிக்கும். ஐந்தாம் வாரம் சைக்கிள் 20 நிமிடம், இரு காலாலும் சேர்ந்து குதிப்பது, ஈர மணலில் 20 மீட்டர் ஓட்டம் நான்கு. காய்ந்த மணல் கணுக்காலைப் புரட்டும். ஒன்பதாம் வாரத்திலிருந்து பள்ளி விளையாட்டுப் பீரியட் முழுதும்.

எவ்வளவு போதும், எப்போது அதிகம் என்பதற்கு ஒரே விதி. விளையாடிய வலி இரண்டு மணி நேரத்தில் தணிந்து, மறுநாள் காலை விறைப்பு வழக்கத்தைவிட அரைக் கட்டுக்கு மேல் கூடாதிருந்தால் அளவு சரி. கூடினால் மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும். நிறுத்தக் கூடாது.

பள்ளியில்

தலைமை ஆசிரியருக்குக் கடிதம் எழுதினோம். தரைக்குப் பதில் பெஞ்சு; 40 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க அனுமதி (போர்டு அழிப்பது, சாக்பீஸ் எடுத்துவருவது போல ஒரு வேலையாகக் கொடுத்தால் மற்றவர்கள் கவனிக்க மாட்டார்கள்); தேர்வில் கூடுதல் பத்து நிமிடம்; பருமனான பென்சில். கழிப்பறையில் குழிக்கு மேல் வைக்கும் நடுவில் துளையுள்ள பிளாஸ்டிக் நாற்காலியை அப்பா வாங்கிக் கொடுத்தார். இத்தனை ஏற்பாட்டிலும் பிள்ளையின் நாளை அதிகம் மாற்றியது அந்த நாற்காலிதான். தண்ணீர் பாட்டில் இரண்டாம் வாரமே காலியாகித் திரும்பியது. நீர்க்கடுப்பு மறுபடி வரவில்லை.

விளையாட்டு ஆசிரியர் தயங்கினார். ஏதாவது ஆகிவிட்டால் தன்மேல் பழி வரும் என்றார், நியாயமான பயம். முத்திரை போட்ட சீட்டும் ஒரு போன் எண்ணும் கொடுத்த பிறகே ஒப்புக்கொண்டார்.

பீடிக் கூலி போகும் நாளைக் குறைக்க, ரத்தப் பரிசோதனை, கண், இயன்முறை மூன்றையும் மாதத்தில் ஒரே நாளில் வைத்தோம். பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து வந்தால் முழங்கால் இறுகிவிடும். இறங்கியதும் நடைச் சோதனை வைக்காமல் அரை மணி கழித்தே வைப்பது என்று மாற்றினோம்.

இரண்டு சறுக்கல்கள்

பயிற்சி தொடங்கிய ஒன்பதாம் வாரம், காலாண்டுத் தேர்வு முடிந்து ஓட்டப் பயிற்சி நடந்தது. சொல்லாமல் கொள்ளாமல் 100 மீட்டர் ஓட்டத்தில் ஓடிவிட்டாள், ஏற்றச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு. மறுநாள் இரு கெண்டைக்காலிலும் வலி, நொண்டினாள். வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். வரவழைத்துப் பார்த்தோம். வலி இரு பக்கமும் தசையில்; மூட்டில் வீக்கமோ சூடோ இல்லை; விறைப்பு அரைக் கட்டு. நோய் திரும்பினால் வலி மூட்டில் இருக்கும், மூட்டு உப்பும், காலையில் மோசமாக இருக்கும், நாட்கள் செல்லச் செல்லக் கூடும். இது வெறும் உழைப்பு வலி. இரண்டு நாள் ஓட்டம் மட்டும் வேண்டாம், மற்றவை தொடரட்டும் என்று அனுப்பினோம். மூன்றாம் நாள் வலி இல்லை. இந்த வேறுபாட்டை முன்பே சொல்லியிருந்தால் அந்தப் பஸ் பயணம் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது மெய்யாகவே நோய் திரும்பியது. 14-ஆம் மாதம், சித்திரையில், பக்கத்து வீட்டில் அம்மை போட்டிருந்தது. மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும் பிள்ளை என்பதால் இரண்டு வாரம் மருந்தை நிறுத்திவைக்கச் சொன்னோம், அது சரியான முடிவு. அம்மை இவளுக்கு வரவில்லை. அடுத்து ஊரில் கோயில் கொடை வந்தது, உறவினர் வந்தார்கள், மருந்து மறந்தே போயிற்று. ஆறு வாரம் கழித்து இடது கணுக்கால் வீங்கி வந்தாள். மறுபடி எந்தத் தேதியில் தொடங்க வேண்டும் என்று நாங்கள் எழுதித் தரவில்லை. "நிறுத்துங்கள்" என்று வாயால் சொன்னதோடு சரி. ஓய்வுச் சீட்டில் என்ன நடந்ததோ, அதையே இந்த முறை நாங்கள் செய்திருந்தோம். ஊசி மருந்து மீண்டும் தொடங்கி, கணுக்காலில் ஒரு டிரையாம்சினோலோனும் போட்டபின் ஐந்து வாரத்தில் அடங்கியது. அந்த ஐந்து வாரமும் ஓட்டத்துக்குப் பதில் சைக்கிளும் தட்டாங்கல்லும் நடந்தன. முழுதாக உட்கார வைக்கவில்லை.

கண்

ஏ.என்.ஏ. பாசிட்டிவாக இருந்து, ஏழு வயதுக்குள் நோய் தொடங்கிய பிள்ளைகளுக்குக் கண்ணின் உள்ளே அழற்சி வரும் வாய்ப்பு அதிகம். கண் சிவக்காது, வலிக்காது, நீர் வடியாது, பிள்ளை சொல்லாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்லிட் லாம்ப் (ஒளிக்கற்றை பாய்ச்சி கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) சோதனை இதற்காகத்தான். "முட்டு வலிக்குக் கண்ண ஏன் பாக்கணும்?" என்று அம்மா ஒருமுறை தவிர்க்கப் பார்த்தார். ஏழாம் மாதச் சோதனையில் வலது கண்ணில் அழற்சி அணுக்கள் தெரிந்தன. ஸ்டீராய்டு சொட்டும் பாப்பாவை விரிக்கும் சொட்டும் போட்டு ஆறு வாரத்தில் அடங்கியது. பார்வை குறையவில்லை.

விளைவு: 20-ஆம் மாதம்

முழங்கால் மடக்கம் 3 பாகை. தொடை வலது 30, இடது 31 செ.மீ. கால் நீள வித்தியாசம் 1 செ.மீ.; ஏற்றத்தை 5 மி.மீ. ஆகக் குறைத்தோம். ஆறு நிமிட நடை 425 மீட்டர். செயல்திறன் வினாத்தாளில் 0.25. நடமாட்டக் குறிப்பில் நாளுக்கு 50 நிமிடம். வாழ்க்கைத் தரத்தில் அம்மா 80, பிள்ளை 79. முதல் அரையாண்டில் 31 நாள் பள்ளிக்கு வராதவள், கடைசி அரையாண்டில் 6 நாள். அதில் நான்கு மருத்துவமனைக்கு வந்த நாட்கள்.

முழுதாகக் குத்த வைக்க இன்னும் முடியவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி பள்ளியில் இருக்கிறது. மூன்று பக்கம் தொடர்ந்து எழுதினால் மணிக்கட்டு வலிக்கிறது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நடமாட்டக் குறிப்பையும் பிள்ளையின் வாழ்க்கைத் தர எண்ணையும் ஆறாம் மாதம் அல்ல, மூன்றாம் மாதமே பார்க்க வேண்டும். அம்மா சொல்வதும் பிள்ளை சொல்வதும் 10 எண்ணுக்கு மேல் விலகினால் பள்ளிக்கு ஒரு முறை நேரில் போவது இப்போது எங்கள் வழக்கம். முதல் நாளே மஞ்சள் பை முழுவதையும் கொட்டி, பழைய சீட்டு ஒவ்வொன்றிலும் இருக்கும் தடைகளை வாசித்து, எது நிற்கிறது, எது போகிறது என்று சொல்கிறோம். ஓய்வு, மருந்து நிறுத்தம், உணவுத் தடை எதுவானாலும், முடியும் தேதி இல்லாமல் எழுதுவதில்லை. கழிப்பறையைப் பற்றி முதல் சந்திப்பிலேயே, அம்மா இல்லாதபோது, பிள்ளையிடம் கேட்கிறோம்.

ஊசி மருந்து தொடர்கிறது. கடைசியாக நோய் தணிந்ததிலிருந்து ஒரு வருடம் அமைதியாக இருந்தால் குறைப்பதைப் பற்றி யோசிக்கலாம். கண் சோதனை, நோய் தொடங்கி நான்கு வருடம் நிறையும் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கிளித்தட்டில் ஓடுகிறாள், திரும்பும்போது மட்டும் இடது காலை ஊன்றியே திரும்புகிறாள் என்று அண்ணன் எழுதியிருக்கிறான். வலது காலில் ஒற்றைக்கால் தாவலை அடுத்த மாதம் தொடங்குகிறோம், முதல் வாரம் சுவரைப் பிடித்தபடி ஐந்து.